உருகுவது எளிது

சென்ட்ரலை விட்டுக் கிளம்பும் ரயில் வேகம் பிடிக்கும் முன்பே பேசின் பிரிட்ஜ் வந்துவிடும். ஒரு பக்கம் தண்டவாளங்கள் பிரிந்து விரிகின்றன. இன்னொரு பக்கம் பக்கிங்ஹாம் கால்வாய், அதில் வந்து சேரும் ஓட்டேரி நல்லா. தொலைதூர ரயில்களின் பெட்டிகளைக் கழுவிப் பராமரிக்கும் பணிமனையும் இங்கேதான் இருக்கிறது. ஏ.சி. பெட்டியின் அடிப்பக்கத்தைக் குனிந்து பார்த்தால் கனமான இரும்புப் பெட்டிகள் தொங்குவது தெரியும். அவற்றுக்குள் இருப்பவை 110 வோல்ட் தரும் ஈய-அமில மின்கலங்கள்.

தெற்கே போனால் புதுப்பேட்டை, பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் சந்தை. சக்கரம் ஆடாமல் இருக்க ரிம்மின் ஓரத்தில் அடித்துப் பொருத்தும் ஈயத் துண்டுகள் அங்கே சேரும். கிழக்கே காசிமேடு. அங்கே வலைகளின் அடிக்கயிறு நெடுக ஈயம். இவற்றுக்கு நடுவே தெருவுக்குத் தெரு காயலான் கடைகள். வடசென்னையில் ஈயம் தேடி யாரும் அலைய வேண்டியதில்லை.

இந்த ஈயத்தில் ஒரு சிறு பங்கு தூண்டில்காரர்களின் கைக்குப் போகிறது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய தூண்டில் வளைவுகளின் பாறைகளிலும், கொசஸ்தலையாற்று முகத்துவாரத்திலும் கொடுவாவுக்கும் பாறை மீனுக்கும் ராடு, ரீலோடு காத்திருப்பவர்கள் இவர்கள். இவர்களுடைய நரம்பின் முனையில் இருப்பது ஜிக் ஹெட்: தூண்டில் முள்ளின் தலையில் வார்த்த ஒரு ஈயக் குண்டு. அதன் பின்னால் ரப்பர் மீனைக் கோத்து எறிந்து, விட்டுவிட்டு இழுப்பார்கள். பாறை இடுக்கில் சிக்கினால் நரம்பு அறும், ஜிக் போய்விடும். காசு கொடுத்து வாங்கியதை இப்படிக் கடலுக்குத் தாரை வார்ப்பது கட்டுபடியாகாது என்பதால், சிலர் வீட்டிலேயே வார்த்துக்கொள்கிறார்கள்.

ஈயம் இப்படி மொட்டை மாடி அடுப்புக்கெல்லாம் இணங்கிப் போவதற்குச் சில குணங்கள் காரணம். அதே குணங்கள்தான் அதை வீட்டுக்குள்ளும் உடம்புக்குள்ளும் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை.

கனமும் வேகமும்

ஜிக் ஹெட் மூன்று காரியம் செய்ய வேண்டும். எறிந்தால் தூரம் போக வேண்டும். விழுந்ததும், அலை இழுத்துப் போவதற்குள் தரைக்கு இறங்க வேண்டும். இழுக்கும்போது முள்ளின் கூர் மேல்நோக்கி நிற்க வேண்டும். மூன்றாவதை வடிவம் பார்த்துக்கொள்கிறது. ஜிக் முள்ளின் தண்டு, காதுக்குச் சற்று முன்னால் செங்குத்தாக மடிந்திருக்கும். அந்த மடிப்பைச் சுற்றித்தான் ஈயத் தலை. நரம்பு கட்டும் காது தலையின் உச்சியில் இருப்பதால் எடை அதன் கீழே தொங்குகிறது, கூர் வானம் பார்க்கிறது, பாறையில் மாட்டுவது குறைகிறது.

முதல் இரண்டும் அடர்த்தியின் வேலை. ஒரு கன சென்டிமீட்டர் ஈயம் 11.34 கிராம். இரும்பு 7.87. கருங்கல் ஏறத்தாழ 2.65. பத்து கிராம் ஈயத்தை உருண்டையாக்கினால் குறுக்களவு 12 மில்லிமீட்டர்தான் வரும். அதே பத்து கிராம் கருங்கல் என்றால் 19 மில்லிமீட்டர். கடலில் போட்டதும் இரண்டுமே தாம் விலக்கிய நீரின் எடையை இழக்கின்றன. ஈயத்துக்கு அந்த இழப்பு ஒரு கிராம்கூட இல்லை. கல்லுக்கு ஏறத்தாழ நான்கு கிராம். இளைத்துப்போன எடையோடு, பெரிய உடம்பையும் தூக்கிக்கொண்டு நீரைக் கிழித்து இறங்க வேண்டிய நிலை கல்லுக்கு. கணக்குப் போட்டுப் பார்த்தால், வழவழப்பான உருண்டையாக இருக்கும் ஈயம் நொடிக்கு சுமார் 1.9 மீட்டர் வேகத்தில் இறங்கும், கல் 0.9 மீட்டரில். ரப்பர் மீனைக் கோத்தால் இரண்டும் வேகம் குறையும், வித்தியாசம் மட்டும் நிற்கும். நான்கைந்து மீட்டர் ஆழத்தில், நீரோட்டம் பக்கவாட்டில் தள்ளும் இடத்தில், அந்த இரண்டு மூன்று நொடிதான் ஜிக் மீனுக்கு முன்னால் விழுவதா, பாறைக்கு அந்தப் பக்கம் விழுவதா என்று முடிவு செய்கிறது.

கடல்நீரில் ஈயம் இரும்பைப் போலத் துருவேறி உதிராது. மேலே ஒரு மங்கிய படலம் படர்ந்து உள்ளே இருப்பதைக் காத்துக்கொள்ளும். வலைக்காரர்கள் ஈயத்தை விடாததற்கு இதுவும் காரணம். இதை உருக்கி வார்ப்பதும் இந்தக் கரைக்குப் புதிதில்லை. சாதவாகனர்கள் ஈயத்தில் காசு வெளியிட்டவர்கள். இரட்டைப் பாய்மரக் கப்பல் பொறித்த அவர்களுடைய ஈயக் காசுகள் சோழமண்டலக் கரையில் கிடைத்திருக்கின்றன.

ஒரு லிட்டர் தண்ணீர், நாலரைக் கிலோ ஈயம்

செம்பு 1,085 டிகிரி செல்சியஸில் உருகும். இரும்புக்கு 1,538 டிகிரி வேண்டும். ஈயத்துக்கு 327.5 டிகிரி போதும். சூட்டின் அளவு குறைவு என்பது பலருக்கும் தெரிந்ததுதான். அந்தச் சூட்டை ஏற்றச் செலவாகும் வெப்பமும் வியப்பூட்டும் அளவுக்குக் குறைவு.

முப்பது டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 293 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அதே முப்பது டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ ஈயத்தை உருகுநிலைக்கு ஏற்ற 39 கிலோஜூல், அங்கிருந்து திரவமாக்க 23 கிலோஜூல்; மொத்தம் 62. டீ போடத் தண்ணீர் கொதிக்கவைக்கும் வெப்பத்தில் நாலரைக் கிலோவுக்கு மேல் ஈயம் உருகிவிடும். காரணம் அணுவில் இருக்கிறது. திடப்பொருளின் ஓர் அணுவைச் சூடாக்க ஆகும் வெப்பம் பெரும்பாலான உலோகங்களுக்கு ஏறக்குறைய ஒன்றேதான் என்று டூலாங், பெட்டி என்ற இரு பிரெஞ்சு அறிவியலாளர்கள் 1819-இல் கண்டார்கள். ஈய அணு இரும்பு அணுவைவிட 3.7 மடங்கு கனம். ஒரு கிலோவில் இருக்கும் அணுக்களின் எண்ணிக்கை அந்த அளவுக்குக் குறைவு, செலவாகும் வெப்பமும் குறைவு. அணுக்களுக்கிடையே உள்ள பிணைப்பும் வலுவற்றது. அதனால் சுள்ளி அடுப்பே போதும்.

வார்ப்பவர் முதலில் அச்சைத் தயார் செய்கிறார். இரண்டு பாதியாகத் திறக்கும் அலுமினிய அச்சு. உள்ளே தலையின் குழிவு, முள்ளின் தண்டும் காதும் படுக்க ஒரு பள்ளம், மேலே ஊற்றுவாய். குளிர்ந்த அச்சில் ஊற்றினால் ஈயம் பாதி வழியிலேயே உறைந்து, தலை சுருக்கம் சுருக்கமாக வரும். அதனால் அச்சையும் அடுப்போரம் வைத்துச் சூடாக்குவார்கள். முதலில் வருபவை எப்படியும் சரியாக வராது, திரும்பச் சட்டிக்கே போகும். சிலர் மெழுகுவர்த்திச் சுடரில் காட்டிக் குழிவில் கரி படியவிடுவார்கள். அந்த மெல்லிய கரிப்படலம் வெப்பம் சட்டென்று அச்சுக்குள் ஓடிவிடாமல் தடுக்கும், வார்ப்பு ஒட்டாமலும் கழன்று வரும்.

உருகிய ஈயத்தின் மேல் சாம்பல் நிற ஆடை படர்கிறது. அதைக் கரண்டியால் ஒதுக்கினால் கீழே கண்ணாடி மாதிரி பளபளப்பு தெரியும், அடுத்த நொடியே மங்கும். மேற்பரப்பு பொன்னிறமும் ஊதாவுமாக நிறம் மாறினால் சூடு மிஞ்சிவிட்டது என்று பொருள். ஊற்றும்போது இடையில் நிறுத்தாமல் ஒரே வீச்சில் ஊற்ற வேண்டும். ஈயம் உறையும்போது கனஅளவில் சுமார் 3.5 சதவீதம் சுருங்குவதால் ஊற்றுவாயில் நிற்கும் ஈயம் கடைசியாக உறைந்து அந்தக் குறையை நிரப்ப வேண்டும். அச்சைத் திறந்து, எஞ்சிய வாலைக் கட்டிங் பிளேயரால் வெட்டினால் ஜிக் ஹெட் தயார். ஈயம் முள்ளின் எஃகோடு ஒட்டுவதில்லை, மடிப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது. தண்டு நேராக இருக்கும் முள்ளில் வார்த்தால் தலை கழன்று சுற்றுவது இதனால்தான்.

இந்த வேலையில் கண்ணெதிரே நிற்கும் ஆபத்து தண்ணீர். ஒரு சொட்டு நீர் உருகிய ஈயத்துக்கு அடியில் மாட்டினால் 80 மில்லிலிட்டருக்கும் அதிகமான நீராவியாகி, மேலே உள்ள ஈயத்தை முகத்தில் அடிக்கும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் அச்சு செய்பவர்கள் இதில் ஏமாறுவதுண்டு. கெட்டியான பிளாஸ்டரின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு நீர், படிகத்துக்குள்ளேயே பிணைந்து கிடக்கிறது. வெயிலில் காயவைத்தால் மேலுள்ள ஈரம்தான் போகும். பிணைந்த நீர் வெளியேற நூறு டிகிரிக்கு மேல் நெடுநேரம் சுட வேண்டும். கடற்காற்று வீசும் ஊரில் அப்படிச் சுட்ட அச்சும் மறுபடி ஈரம் குடிக்கும்.

சட்டியில் விழுவது எது

காயலான் கடை ஈயம் கலப்பில்லாததாக இருப்பது அரிது. சக்கர எடைகளில் கடினத்துக்காகச் சில சதவீதம் ஆன்டிமனி சேர்த்திருப்பார்கள். அது வார்ப்புக்கு உதவும், குழிவின் மூலைவரை ஈயம் ஓடி நிரம்பும். ஆனால் புதிய எடைகளில் பல துத்தநாகம், சில இரும்பு. துத்தநாகம் 419.5 டிகிரியில்தான் உருகும். சூட்டை அதற்குக் கீழே வைத்திருந்தால் அது மிதக்கும், எடுத்துப் போட்டுவிடலாம். கவனிக்காமல் உருக விட்டால் மொத்தச் சட்டியும் கூழாகி, ஒரு குழிவையும் ஒழுங்காக நிரப்பாது.

தொடவே கூடாதது பழைய பேட்டரியின் தகடு. அதில் இருப்பது வெறும் ஈயம் மட்டுமில்லை. ஈய ஆக்சைடும், ஈய சல்பேட்டும், கந்தக அமிலமும் ஊறிய பசை அது. பசையைத் தாங்கும் ஈயச் சட்டத்தில் ஆன்டிமனியோ கால்சியமோ கலந்திருக்கும், சிலவற்றில் ஆர்செனிக்கும் உண்டு. கால்சியம் சேர்ந்த கசடில் ஈரம் பட்டால் ஆர்சின், ஸ்டிபின் என்ற கொடிய நச்சு வாயுக்கள் வெளிவரக்கூடும். பழைய பேட்டரிகளை யார் வாங்கலாம், எங்கே மறுசுழற்சி செய்யலாம் என்று இந்தியாவில் 2001-இலேயே விதிகள் வந்துவிட்டன. அவற்றுக்குப் பதிலாக வந்த 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர் தலையில் வைக்கின்றன. பேட்டரியைக் கடையில் திருப்பிக் கொடுப்பதுதான் சரி.

புகையைவிடப் பொடி

ஈயம் வார்ப்பவர்கள் பயப்படுவது புகைக்கு. காற்று வரும் பக்கம் நிற்பார்கள், முகத்தில் துண்டைக் கட்டிக்கொள்வார்கள். இயற்பியல் சொல்வது சற்று வேறு. ஈயத்தின் ஆவியழுத்தம் ஒரு பாஸ்கலை எட்டவே 705 டிகிரி வேண்டும். நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பாஸ்கல். எனவே 350, 400 டிகிரியில் ஈயம் ஆவியாவது மிக மிகச் சொற்பம். சட்டியிலிருந்து எழும் புகையில் பெரும்பகுதி பழைய துண்டுகளில் ஒட்டிய எண்ணெயும் பெயின்டும் எரிவது. பெயின்டில் ஈயம் இருந்தால் அந்தப் புகையே நஞ்சு. தெர்மாமீட்டர் இல்லாத அடுப்பில் சூடு 500 டிகிரியைத் தாண்டினால் ஈயப் புகையும் கணக்கில் சேரும். அதனால் திறந்தவெளி அவசியம்தான். ஆனால் அதோடு காரியம் முடியவில்லை.

முக்கியமான வழி அந்தச் சாம்பல் நிற ஆடை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து உருவான ஈய ஆக்சைடு அது. கரண்டியால் ஒதுக்கித் தரையில் தட்டியதும் நொறுங்கிப் பொடியாகிறது. காலில் ஒட்டுகிறது, லுங்கியில் படிகிறது, வாசலைப் பெருக்கும்போது எழும்பி மறுபடி அமர்கிறது. வாலை வெட்டி அரம் தேய்க்கும்போது உதிரும் துகளும் அதோடு சேர்கிறது. ஈயத்துக்குத் தனி வாசனை இல்லை, பொடி கண்ணை உறுத்துவதும் இல்லை. ஈயப் பரலைப் பல்லால் கடித்து நரம்பில் இறுக்கும் பழக்கமும் தூண்டில்காரர்களிடம் உலகெங்கும் உண்டு. மூக்கைக் காத்துக்கொண்டவர்களுக்கு வாய் வழியாக வந்து சேர்கிறது ஈயம்.

எவ்வளவு சேர்ந்தால் கவலைப்பட வேண்டும்? பாதுகாப்பான அளவு என்று ஒன்று தெரியவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 5 மைக்ரோகிராம் ஈயம் இருந்தால், அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும் என்பது அதன் 2021 வழிகாட்டுதல். பதினைந்து கிலோ எடையுள்ள குழந்தையின் உடலில் ஏறக்குறைய 11 டெசிலிட்டர் இரத்தம் ஓடுகிறது. அப்படியானால் மொத்த இரத்தத்திலும் சேர்த்து 55 மைக்ரோகிராம். அத்தனை ஈயத்தையும் ஒரு கனசதுரமாகத் திரட்டினால் பக்கம் 0.17 மில்லிமீட்டர், ஒரு பொடியுப்புப் பரலைவிடச் சிறியது. பத்து கிராம் ஜிக் ஹெட் ஒன்றில் இருப்பது ஒரு கோடி மைக்ரோகிராம்.

எலும்பில் குடியிருப்பு

உடல் ஈயத்தைக் கால்சியமாக நினைத்து ஏமாறுகிறது. கால்சியம் போகும் வழிகளில் ஈயமும் போகிறது. நரம்புச் செல்களுக்குள் கால்சியம் செய்யும் வேலைகளில் தலையிடுகிறது. கடைசியில் எலும்பில் போய் அமர்கிறது. இரத்தத்தில் உள்ள ஈயம் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். எலும்பில் உள்ளது பாதியாகப் பல பத்தாண்டுகள் வேண்டும். கருவுற்றிருக்கும் காலத்தில் தாயின் எலும்பிலிருந்து கால்சியம் கரைந்து குழந்தைக்குப் போகும்போது, என்றோ சேர்ந்த ஈயமும் கூடவே போகிறது.

பெரியவர்கள் விழுங்கும் ஈயத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கைத்தான் குடல் உறிஞ்சும். சிறு குழந்தைகளின் குடல் பாதியளவுகூட உறிஞ்சிக்கொள்ளும். இரும்புச் சத்துக் குறைவாக இருந்தால் இன்னும் அதிகம், ஏனென்றால் இரும்பை உள்ளே எடுத்துச்செல்லும் புரதமே ஈயத்தையும் எடுத்துச்செல்கிறது. இரத்தசோகை பரவலாக இருக்கும் நம் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை.

பெட்ரோலில் ஈயம் கலப்பது இந்தியாவில் 2000-ஆம் ஆண்டோடு முடிந்தது. சென்னையில் 3 முதல் 7 வயது வரையுள்ள 756 குழந்தைகளைச் சோதித்த ஓர் ஆய்வு 2009-இல் வெளியானது. அவர்களின் இரத்தத்தில் சராசரியாக டெசிலிட்டருக்கு 11.4 மைக்ரோகிராம் ஈயம் இருந்தது. அளவு கூடக்கூடப் பதற்றம், மற்ற பிள்ளைகளோடு பழகுவதில் சிக்கல், கவனக் குறைவு ஆகியவற்றின் மதிப்பெண்களும் கூடின. வீட்டுப் பெயின்டில் ஈயத்தைப் பத்து லட்சத்துக்கு 90 பங்கு என்று கட்டுப்படுத்தும் விதி வந்தது 2016-இல். ஒவ்வொரு வாசலாக அடைத்து வருகிறோம். வீட்டுக்குள்ளேயே நாம் திறக்கும் வாசல் எந்தச் சட்டத்தின் கண்ணிலும் படுவதில்லை.

தியாரோயின் மணல்

அந்த வாசல் அகலமாகத் திறந்தால் என்ன ஆகும் என்பதற்கு மேற்கு ஆப்பிரிக்காவின் செனகலில் ஓர் ஊர் சாட்சி. தலைநகர் டாக்கரின் ஓரத்தில், கடலை ஒட்டி இருக்கிறது தியாரோய் சூர் மேர் என்ற மீனவர் குடியிருப்பு. அங்கே கொல்லர்கள் பழைய கார் பேட்டரிகளை உடைத்து ஈயம் எடுத்து, மீன்வலைக்கு எடைக்குண்டு வார்த்து வந்தார்கள். ஆண்டுக்கணக்கில் மணலில் ஈயம் படிந்தது. ஈயத்துக்கு நல்ல விலை வந்தபோது, அந்த மணலையே சலித்து ஈயம் பொறுக்கி விற்பது பெண்களுக்கு வருமானம் ஆனது. மணல் மூட்டைகள் வீட்டுக்குள் வந்தன. பிள்ளைகள் பக்கத்தில் விளையாடின.

2007 நவம்பரிலிருந்து 2008 மார்ச் வரை அங்கே 18 சிறு குழந்தைகள் இறந்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் குழு வந்து 50 குழந்தைகளின் இரத்தத்தைச் சோதித்தது. அவர்களில் மிகக் குறைவாக இருந்த குழந்தைக்கே டெசிலிட்டருக்கு 40 மைக்ரோகிராமை ஒட்டி இருந்தது. மிக அதிகமாக 600-க்கும் மேல். ஜிக் வார்க்கும் ஒருவரின் சில கிலோ ஈயம் தியாரோய் ஆகிவிடாது. ஆனால் பொடி பரவும் வழி ஒன்றேதான்: தரை, துணி, கை, வாய்.

என்ன செய்யலாம்

பிரிட்டனில் அன்னப்பறவைகள் நீரடியில் கிடந்த ஈயப் பரல்களைக் கூழாங்கல் என்று விழுங்கிச் செத்தன. அதனால் 1987 முதல் 0.06 கிராமிலிருந்து 28.35 கிராம் வரையுள்ள ஈயத் தூண்டில் எடைகளை விற்க அங்கே தடை. தூண்டில்காரர்கள் மீன் பிடிப்பதை விட்டுவிடவில்லை, எடையை மாற்றிக்கொண்டார்கள்.

டங்ஸ்டன் ஈயத்தைவிடக் கனம், கன சென்டிமீட்டருக்கு 19.3 கிராம். ஆனால் 3,422 டிகிரியில் உருகும் உலோகத்தை வீட்டில் வார்க்க வழியில்லை, வாங்கத்தான் வேண்டும். வார்த்தே தீர வேண்டும் என்பவர்களுக்கு ஏற்றது பிஸ்மத். 271 டிகிரியில் உருகும், அடர்த்தி 9.78, இரும்பைவிட அதிகம். ஈயத்துக்கு நேர்மாறாக உறையும்போது விரிவதால் அச்சின் நுணுக்கம் அப்படியே பதியும். பிஸ்மத் 58 பங்கும், வெள்ளீயம் 42 பங்கும் சேர்த்தால் 138 டிகிரியிலேயே உருகும். விலைதான் தடை. பாறை நிறைந்த இடத்தில் தொலைக்கவே எறிகிறோம் என்றால் இரும்பு நட்டு போதும். கொஞ்சம் மெதுவாக இறங்கும், அவ்வளவுதான்.

வலைக்காரரின் கணக்கு வேறு. வலை நெடுக எடை வேண்டும், வலை கிழிந்தால் அன்றைய பிழைப்பு போகும். சுடுமண் வலைக்குண்டுகள் சிந்துவெளி ஊர்களிலேயே இருந்தன. கல்லும் இரும்புச் சங்கிலியும் இன்றும் சில வலைகளில் இருக்கின்றன. இருந்தாலும் ஈயத்தின் இடத்தை அவை முழுதாகப் பிடிக்கவில்லை. மாற்று எடை மலிவாகக் கைக்கு வராத வரை அவரை உபதேசத்தால் மாற்ற முடியாது. பொழுதுபோக்குக்காக வார்ப்பவருக்கு அந்த நெருக்கடி இல்லை.

அப்படியிருந்தும் ஈயம்தான் என்றால், குறைந்தபட்ச ஒழுங்கு இதுதான். சமையலறையில் உருக்கக் கூடாது. சமைக்கும் சட்டியும் கரண்டியும் இதற்கு வரக் கூடாது. குழந்தைகளும் கருவுற்றவர்களும் பக்கத்தில் இருக்கக் கூடாது. கசடை மூடி போட்ட டப்பாவில் அடைத்து வைக்க வேண்டும், சாக்கடையிலோ கால்வாயிலோ கொட்டக் கூடாது. தரையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். வேலைத் துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும். சோப்பு போட்டுக் கை கழுவாமல் பீடியும் டீயும் கூடாது. பல்லை ஈயத்திடம் கொண்டுபோகவே கூடாது.

ஏற்கெனவே வீட்டில் வார்த்துக்கொண்டிருந்தால் இன்னொன்றும் செய்ய வேண்டும். ஈய நச்சு தொடக்கத்தில் வயிற்று வலி, மலச்சிக்கல், சோர்வு என்று சாதாரணத் தொல்லையாகத்தான் வரும். பெரும்பாலான பிள்ளைகளிடம் அதுவும் தெரியாது. வீட்டில் சிறு குழந்தை இருந்தால் நடந்ததை டாக்டரிடம் சொல்லி, இரத்தத்தில் ஈய அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். கேட்காமல் எந்த டாக்டருக்கும் ஜிக் ஹெட் நினைவுக்கு வராது.